ஆக்குபேஷனல் தெரபிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: ஒரு சட்டையிலிருந்து உரிமத் தேர்வு வரை

ஆக்குபேஷனல் தெரபிக்குத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்று ஒரு பெயர் உண்டு. அதைக் கேட்டதும் பலர் இது வேலை வாங்கித் தருகிற துறை, இல்லாவிட்டால் கைத்தொழில் கற்றுக்கொடுக்கிற இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தபோது தொழிற்பெயர் என்று ஒன்று வந்ததே, உண்ணல், உடுத்தல், குளித்தல், எழுதுதல் என்று, அந்தத் தொழில்தான் இது. ஒருவர் கண் விழித்ததிலிருந்து செய்கிற, செய்தே ஆகவேண்டிய, செய்ய ஆசைப்படுகிற எல்லாமே இதற்குள் வரும். தூங்குவதும் ஓய்வெடுப்பதும்கூட. நோயோ விபத்தோ வயதோ அதில் ஒன்றைப் பறித்துக்கொண்டால் அதைத் திரும்ப வாங்கிக் கொடுப்பது நம் வேலை.

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் உடற்கூறியலுக்கு ஒரு நோட்டு, நரம்பியலுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று, மனநலத்துக்கு ஒன்று, மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டு மனப்பாடம் செய்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தேர்வில் கேள்வி அப்படி வராது. ஒரு நோயாளி, ஒரு அறை, அவர் செய்ய முடியாமல் நிற்கிற ஒரு காரியம், கீழே ‘முதலில் என்ன செய்வீர்கள்’ என்று நான்கு விடைகள், நான்குமே சரி மாதிரி தெரியும். எந்த நோட்டைப் புரட்டுவது? அதனால் ஒரே ஒரு அன்றாடச் செயலை எடுத்துக்கொண்டு, படிக்கிற எல்லாவற்றையும் அதிலேயே கொண்டுவந்து கட்டுங்கள் என்பேன். நான் எடுத்துக்கொண்டது சட்டை போடுவது.

முதலில் கண்ணாடி முன்னால் நில்லுங்கள்

பட்டன் வைத்த ஒரு சட்டையை மிக மெதுவாகப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு நொடியும் உடம்பில் எது வேலை செய்கிறது என்று கவனித்துக்கொண்டே. சட்டை எங்கே இருக்கிறது என்று ஞாபகம் வைத்திருக்க வேண்டும். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரிய வேண்டும். கையை உள்ளே விடும்போது தோள் உயர்கிறது, முழங்கை நீள்கிறது. முதுகுக்குப் பின்னால் துணியைப் பிடித்து இழுக்கும்போது தோள் உள்பக்கம் திரும்புகிறது. இதற்கெல்லாம் இடையில் விழாமல் நிற்கவும் வேண்டும். பட்டனுக்கு வந்தால் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்து அதைப் பிடிக்க, மற்ற கை ஓட்டையை விரித்துக் கொடுக்கிறது. கழுத்துப் பட்டன் கண்ணுக்கே தெரியாது, தொட்டு உணர்ந்துதான் போடுகிறீர்கள்.

இதற்குச் செயல் பகுப்பாய்வு என்று பெயர். ஒரு மணி நேரம் ஆனாலும் முழுதாக எழுதுங்கள். அப்புறம் அந்தத் தாளின் பக்கத்திலேயே கேள்விகளைப் போடுங்கள்: ஒரு கை வரவில்லை என்றால்? இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்குத் தெரியவில்லை என்றால்? காலையில் விரல் மூட்டெல்லாம் வீங்கி விறைத்திருந்தால்? நான்கு வயதுப் பிள்ளை என்றால்? உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், மூன்று வாரமாகச் சட்டை மாற்றவே மனம் வராதவர் என்றால்? பாடத்திட்டத்தில் பாதிக்கு மேல் இந்தத் தாளிலேயே வந்துவிடும்.

எங்கிருந்து பார்ப்பது

மாதிரிகள், கோட்பாடுகள் என்று பாடத்தில் நிறைய வரும். தொடக்கத்தில் இரண்டு போதும். மேரி லாவும் உடன் பணியாற்றியவர்களும் 1996-இல் கொடுத்த மாதிரி, ஆள், சூழல், செயல் மூன்றும் எவ்வளவு பொருந்துகின்றனவோ அவ்வளவு நன்றாகச் செயல் நடக்கும் என்கிறது. ஆளை மாற்ற முடியாவிட்டால் சூழலை மாற்றலாம், சட்டையையே மாற்றலாம். கேரி கீல்ஹோஃப்னர் 1980-இல் முன்வைத்த மாதிரி, ஒருவருடைய விருப்பம், பழக்கம், செய்திறன் மூன்றையும் சூழலோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. மூன்று வாரம் சட்டை மாற்றாதவரைப் புரிந்துகொள்ள எனக்கு இதுதான் உதவியது.

களப்பயிற்சியில் இருந்தபோது நான் எழுதிய ஒரு குறிப்பு இன்னும் நினைவிருக்கிறது. வலது தோள் 110 டிகிரி உயர்கிறது, தசை வலிமை இவ்வளவு, உணர்ச்சி இவ்வளவு என்று அரைப் பக்கத்துக்கு அளவுகள். என்னை மேற்பார்த்தவர் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “சரிம்மா, அவங்களால தலை வார முடியுமா?” எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை. திரும்பப் போய்க் கேட்டபோது அந்த அம்மா, தலை வாருவது கிடக்கட்டும், கழிப்பறைக்கு யாரையும் கூப்பிடாமல் போய்வர முடிந்தால் போதும் என்றார். நான் எடுத்திருந்த அளவுகளில் ஒன்றுகூட அதற்கு விடை சொல்லவில்லை.

அதனால் மதிப்பீட்டை எப்போதும் ஆளிடமிருந்து தொடங்குங்கள். அவர் யார், ஒரு நாளை எப்படிக் கழித்தவர், இப்போது எது முடியவில்லை, அதில் எது முக்கியம். இதைக் கேட்பதற்கென்றே 1991-இல் வெளிவந்த கனடியன் ஆக்குபேஷனல் பெர்ஃபார்மன்ஸ் மெஷர் என்ற கருவி இருக்கிறது. தனக்கு முக்கியமான செயல்களை நோயாளியே சொல்லி, எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார். பிறகு மறுபடி போடும்போது 2 புள்ளி கூடினால் அதைப் பொருட்படுத்தத் தக்க முன்னேற்றமாக எடுத்துக்கொள்வார்கள். டிகிரி அளக்கும் கோனியோமீட்டரை இதற்கு அப்புறம் எடுக்கலாம்.

தண்டுவடம்: உங்கள் கையிலேயே செய்து பாருங்கள்

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கச் சொல்வேன், ஏனென்றால் உடற்கூறியல் எப்படி ஒரு செயலாக மாறுகிறது என்பது இங்கேதான் பளிச்சென்று தெரியும்.

முழங்கையை மேசையில் ஊன்றி, முன்கையை நிமிர்த்தி, மணிக்கட்டைத் தளர விட்டு முன்னால் தொங்க விடுங்கள். விரல்கள் தாமாக விரியும். இப்போது விரல்களை ஒன்றும் செய்யாமல் மணிக்கட்டை மட்டும் பின்னால் நிமிர்த்துங்கள். விரல்கள் தாமாக உள்ளே சுருளும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து சேரும். இதுதான் டெனோடெசிஸ். கழுத்துத் தண்டுவடத்தில் காயம்பட்டு, சி6 (கழுத்தின் ஆறாவது நரம்பு மட்டம்) வரை மட்டும் வேலை செய்கிறவருக்கு விரல் தசை இயங்காது, மணிக்கட்டு மட்டும் நிமிரும். இந்த ஒரு அசைவை வைத்துக்கொண்டே அவரால் லேசான பொருளை எடுக்க முடியும், சட்டை ஓரத்தைப் பிடித்து இழுக்க முடியும். அதனால்தான் அவருக்குக் கைப்பயிற்சி கொடுக்கும்போது மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் நீட்டி இழுக்கக் கூடாது என்கிறோம். விரலை நீட்டும்போது மணிக்கட்டு மடங்கியிருக்க வேண்டும், மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல்கள் மடங்கியிருக்க வேண்டும். விரல் மடக்கும் தசைநாண்கள் நீண்டு தளர்ந்துபோனால் அந்தப் பிடி போய்விடும். நல்லெண்ணத்தோடு யாரோ தினமும் இழுத்துவிட்டதால் மட்டுமே ஒருவர் தன் பிடியை இழப்பது எவ்வளவு பெரிய கொடுமை.

மற்ற மட்டங்களையும் இப்படியே செயலோடு சேர்த்துப் படியுங்கள். சி5 என்றால் முழங்கையை மடக்க முடியும், கருவி மாட்டிவிட்டால் கையை வாய்க்குக் கொண்டுபோகலாம். சி7 என்றால் முழங்கையை நீட்டும் தசை வருகிறது. கையை ஊன்றி உடம்பைத் தூக்கலாம், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எளிதாகும். சி8 விரல்களை மடக்கும்.

இதில் ஒரு ஆபத்தை உறக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். டி6 (மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம்) அல்லது அதற்கு மேல் காயம் உள்ளவருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்வை, ரத்த அழுத்தம் ஏறுகிறது என்றால் அது ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே மருத்துவ உதவியைக் கூப்பிட வேண்டும். படுக்க வைக்கக் கூடாது. இதற்கு நேர்மாறாக, எழுந்து உட்காரும்போது கண் இருட்டி, முகம் வெளிறி, தலை சுற்றினால் அழுத்தம் இறங்குகிறது; அவரைச் சாய்த்துக் கால்களை உயர்த்த வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்டது.

பக்கவாதம், இடுப்பு மூட்டு, தீக்காயம்

பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போட ஒரு விதி: பாதித்த கை முதலில் உள்ளே போகும், கழற்றும்போது கடைசியில் வெளியே வரும். தாராளமாகத் துணி இருக்கும்போது வராத கையை நுழைத்துவிட்டால், மீதிக் கொஞ்சத் துணிக்குள் நல்ல கை தன்னைத் தானே நெளித்துக்கொள்ளும். அந்தக் கையைப் பிடித்து இழுத்து மட்டும் யாரையும் தூக்காதீர்கள், தளர்ந்த தோள் மூட்டு இறங்கிவிடும்.

மூளையின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். இடது மூளை பாதித்தால் வலது கை கால் பலவீனத்தோடு பெரும்பாலும் பேச்சும் பாதிக்கும். சொல்லிப் புரியவைப்பதைக் குறைத்து, செய்து காட்டுங்கள். வலது மூளை பாதித்தவர் நன்றாகவே பேசுவார், அதனால் வீட்டார் இவருக்கு ஒன்றும் இல்லை என்று நம்பிவிடுவார்கள். ஆனால் இடது பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவார், யோசிக்காமல் சட்டென்று எழுந்துவிடுவார். விழுவது இவர்கள்தான். பார்வைப் புலம் பாதி போனவரும் இவரும் ஒன்றல்ல. அவருக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை என்பது தெரியும், தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்வார். இவருக்குத் தெரியவில்லை என்பதே தெரியாது. எனவே உதவிக்கு அழைக்கும் மணியை இவர் கவனிக்கிற பக்கத்தில் வைத்துவிட்டு, பயிற்சி நேரத்தில் மட்டும் கவனிக்காத பக்கத்துக்குப் பார்வையை இழுத்து வாருங்கள்.

பின்புற வழியாக இடுப்பு மூட்டு மாற்று செய்தவர்களுக்கு வழக்கமான தடைகள் மூன்று: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, உள்பக்கம் திருப்பக் கூடாது. குனிந்து காலுறை போட முடியாது என்பதால்தான் நீளக் கைப்பிடி வைத்த கருவிகளும் உயர்த்திய கழிப்பறை இருக்கையும் வருகின்றன. முன்புற வழி என்றால் தடைகள் வேறு. அறுவை செய்த மருத்துவர் எழுதியதைப் படிக்காமல் நோயாளியைத் தொடாதீர்கள்.

தீக்காயத்துக்கு ஒரே வரி போதும்: எந்த நிலை சுகமாக இருக்கிறதோ அந்த நிலையில்தான் மூட்டு இறுகிப்போகும். முழங்கை மடிப்பில் காயம் என்றால் கை நீட்டி இருக்கட்டும். முன் கழுத்தில் என்றால் தலையணை வேண்டாம். எதற்காக ஸ்பிளின்ட் போட்டாலும் கழற்றியதும் தோலைப் பாருங்கள், சிவப்பு 20 நிமிடத்தில் மறையவில்லை என்றால் அதைச் சரிசெய்யாமல் திரும்பப் போடக் கூடாது.

குழந்தைகளும் மனநலமும்

குழந்தைகள் பகுதியில் வளர்ச்சிப் படிகளை வெறும் மாதக் கணக்காகப் படித்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஒரு அனிச்சைச் செயலை மட்டும் பாருங்கள். குழந்தையின் தலையை ஒரு பக்கம் திருப்பினால் முகம் பார்க்கும் பக்கத்துக் கை நீளும், மற்ற கை மடங்கும். சுமார் 6 மாதத்துக்குள் இது மறைய வேண்டும். மறையவில்லை என்றால் என்ன ஆகும்? கையில் இருக்கும் தின்பண்டத்தைப் பார்த்தாலே கை நீண்டுவிடும், வாய்க்கு வராது. இப்படி யோசித்தால் மறக்காது. விரல் நுனியால் சின்னப் பொருளைக் கிள்ளி எடுப்பது ஏறக்குறைய 9 முதல் 12 மாதத்தில் வரும். வட்டம் பார்த்து வரைவது 3 வயதில், கூட்டல் குறி 4 வயதில். சட்டை போடுவதற்கு முன்னால் கழற்றத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள், பயிற்சியையும் அங்கிருந்தே தொடங்குங்கள். தொடுதல், சமநிலை, தசை மூட்டு உணர்வுகளை மூளை எப்படி ஒன்றுசேர்க்கிறது என்ற ஜீன் ஏர்ஸின் கோட்பாட்டை, சட்டை லேபிள் உரசினாலே அலறுகிற ஒரு குழந்தையை மனதில் வைத்துப் படியுங்கள்.

மனநலத்தைப் பலர் ஒதுக்கிவிட்டு மற்றதைப் படிக்கிறார்கள். எனக்கு இது வருத்தம். 1917-இல் அமெரிக்காவில் இந்தத் துறைக்கென்று முதல் சங்கம் உருவானபோது மனநல மருத்துவமனைகளில் நடந்த வேலைதான் அதன் வேர்களில் முக்கியமானது. மனச்சோர்வில் இருப்பவருக்குச் சிறிய, முடிந்தே தீரும் ஒரு வேலை கொடுங்கள்: குளிக்க வேண்டாம், இன்றைக்கு எந்தச் சட்டை என்று தேர்ந்தெடுத்தால் போதும். அளவு கடந்த உற்சாகத்தில் இருப்பவருக்குச் சத்தமில்லாத இடமும் வரம்பு கட்டிய குறுகிய வேலையும் வேண்டும். குழுச் செயலில் கத்தரிக்கோல் பயன்படுத்தினால் முன்னும் பின்னும் எண்ணுங்கள். யாராவது உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் அவரைத் தனியே விடாமல் உடனே சிகிச்சைக் குழுவிடம் சொல்லுங்கள். ரகசியம் காப்பது அங்கே பொருந்தாது.

மனப்பாடமாகவே தெரிய வேண்டியவை

சில எண்களுக்குக் குறுக்கு வழி இல்லை. வேலையில் 75 சதவீதமோ அதற்கு மேலோ நோயாளியே செய்தால் சிறு உதவி, 50 முதல் 74 வரை நடுத்தர உதவி, 25 முதல் 49 வரை பெரும் உதவி, அதற்கும் கீழே முழு உதவி. தசை வலிமையில் தரம் 3 என்றால் புவியீர்ப்புக்கு எதிராக முழு அசைவு, தரம் 2 என்றால் புவியீர்ப்பை விலக்கினால் மட்டுமே முழு அசைவு. சாய்தளம் 1-க்கு 12: வாசல் 2 அடி உயரம் என்றால் 24 அடி நீளம் வேண்டும், கேட்டவுடன் வீட்டார் மலைத்துப்போவார்கள், இருந்தாலும் சொல்லுங்கள். சக்கர நாற்காலியின் இருக்கை, இடுப்பின் அகலமான இடத்தைவிட 2 அங்குலம் அகலம். ஆழமோ பிட்டத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து 2 அங்குலம் குறைவு. மூளைக் காயத்துக்குப் பின் ஒருவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று சொல்லும் ராஞ்சோ அளவுகோலின் நான்காம் நிலை குழப்பமும் கிளர்ச்சியும். புதிதாக எதையும் கற்பிக்கிற நேரம் அது அல்ல.

குறிப்பு எழுதுவது

‘நோயாளி நன்றாக ஒத்துழைத்தார், முன்னேற்றம் உண்டு’ என்று எழுதினால் அடுத்து வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. இலக்கை இப்படி எழுதுங்கள்: 2 வாரத்துக்குள், படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தபடி, ஒற்றைக்கை முறையில், முன்பக்கம் திறக்கும் சட்டையைச் சிறு உதவியோடு போட்டுக்கொள்வார். யார், எதை, எந்த நிலையில், எவ்வளவு உதவியோடு, எப்போதைக்குள் என்று எல்லாம் இருக்கிறதா? இதையே தினமும் ஒரு கற்பனை நோயாளிக்கு எழுதிப் பழகினால் தேர்வுக்கும் அது பயிற்சிதான்.

உரிமம் வரை உள்ள படிகள்

எந்த நாட்டிலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்: அங்கீகாரம் பெற்ற படிப்பு, களப்பயிற்சி, பிறகு பதிவு அல்லது தேர்வு. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பின் தரப்படி களப்பயிற்சி குறைந்தது 1000 மணி நேரம். சேருவதற்கு முன்னாலேயே கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், படித்து முடித்தபின் தெரிந்து பயனில்லை. அமெரிக்காவில் இரண்டாம் கட்டக் களப்பயிற்சி முழு நேரமாக 24 வாரம், அதன்பின் என்.பி.சி.ஓ.டி. என்ற தேசியச் சான்றளிப்பு வாரியம் நடத்தும் தேர்வு, தேறியபின் வேலை செய்யப்போகும் மாநிலத்தில் தனியாக உரிமம். தேர்வில் தேறினாலே உரிமம் வந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு, அப்படி இல்லை. மதிப்பெண் 300 முதல் 600 வரையான அளவில் வரும், 450 வந்தால் தேர்ச்சி. இது சதவீதம் கிடையாது என்பதால் எத்தனை கேள்வி சரி என்று எண்ணிக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில்களுக்கான பதிவு அமைப்பில் பதிவு இல்லாமல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளவே சட்டம் இடம் தராது. இந்தியாவில் 2021-இல் வந்த சார் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குள் இந்தத் துறையும் வருகிறது.

கேள்வியைப் படிக்கும் முறைக்கு ஒரு மாதிரி தருகிறேன். வலது மூளையில் பக்கவாதம் வந்த ஒருவர், சக்கர நாற்காலியிலிருந்து படுக்கைக்கு மாறப் பயிற்சி எடுக்கிறார்; இன்று மூன்றாவது முறையாக இடது பிரேக்கைப் போடாமலே எழப் பார்க்கிறார். நீங்கள் தடுத்து உட்கார வைத்துவிட்டீர்கள். இந்த அமர்வில் செய்யச் சிறந்தது எது? கால் வலிமைப் பயிற்சி, இடது பிரேக்கில் பளிச்சென்ற நாடா ஒட்டி ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் பழக்குவது, எப்போதும் கூடவே இருக்கும்படி வீட்டாரிடம் சொல்வது, கவனக் குறைபாட்டுக்கு முழுப் பரிசோதனை செய்வது.

இடது பிரேக் மட்டும் ஏன் விடுபடுகிறது? இடது பக்கத்தை அவர் கவனிப்பதில்லை. கால் வலிமை இங்கே பிரச்சினையே இல்லை. வீட்டாரை நிறுத்துவது பாதுகாப்புதான், ஆனால் அவருக்கு அது ஒன்றும் கற்றுத்தரவில்லை. பரிசோதனை நல்லது, ஆனால் குறை கண் முன்னால் மூன்று முறை தெரிந்துவிட்டது, கேள்வியோ இந்த அமர்வைப் பற்றியது. எனவே நாடா. இதேபோல ஒவ்வொரு கேள்வியிலும் ஆள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறார், எந்த இடத்தில் இருக்கிறார், எது ஆபத்து, அவர் எதை விரும்புகிறார், கேட்டிருப்பது ‘முதலில்’ என்றா ‘சிறந்தது’ என்றா என்று பாருங்கள். தவறான விடைகள் ஏன் தவறு என்று உங்களால் சொல்ல முடிகிறவரை அந்தக் கேள்வியை விடாதீர்கள். ஒரு நாளில் நூறு கேள்வி ஓட்டுவதைவிட இருபதை இப்படி உடைப்பது நல்லது.

தேர்வு முடிந்து முடிவு வந்த மகிழ்ச்சியில் சிலர் மறுநாளே தனியாக நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். உரிமமோ பதிவோ உங்கள் பெயரில் வரும்வரை அதைச் செய்யாதீர்கள், நோயாளிக்கு ஏதாவது ஆனால் உங்களுக்கும் பாதுகாப்பு இல்லை, அவருக்கும் இல்லை. வந்தபின், காலாவதி தேதியை ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். பல இடங்களில் புதுப்பிக்கும்போது தொடர்கல்விக்கான சான்று கேட்பார்கள்; கலந்துகொள்ளும் முதல் பயிற்சி வகுப்பின் சான்றிதழிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வாருங்கள்.